ஸ்லீவ் ஆபரேஷன் முடிஞ்சு 6 வாரம்: புரோட்டீன் 60 கிராம் எட்ட மாட்டேங்குது, மாத்திரை நேரமும் குழப்பம்

பாதித்தட்டு

அக்காவுக்கு (38 வயசு, உயரம் 160 செ.மீ.) ஸ்லீவ், அதாவது இரைப்பையைச் சின்னதாக்கற எடைக்குறைப்பு ஆபரேஷன், பண்ணி 6 வாரம் ஆச்சு. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. திரவம், கூழ் எல்லாம் தாண்டி இப்ப மென்மையான சாப்பாட்டுக்கு வந்தாச்சு. டிஸ்சார்ஜ் சீட்டுல "புரோட்டீன் 60 முதல் 80 கிராம், திரவம் 1.5 லிட்டர், மல்டிவைட்டமின், இரும்பு, கால்சியம்"னு ஒரே வரி. அதை எப்படி எட்டறதுன்னு இல்லை. நேத்து உள்ள போனதை அப்படியே எழுதறேன்.

காலை 7: டீ. அதோட மல்டிவைட்டமின், இரும்பு, கால்சியம் மூணும் ஒண்ணா.
8:30: அவிச்ச முட்டை 1, பால் 150 மில்லி.
1 மணி: மசிச்ச பருப்பு 3 மேசைக்கரண்டி, ரெண்டு வாய் சாதம்.
4 மணி: பிஸ்கட் 3, டீ.
7:30: கோழி நெஞ்சுக்கறி. ரெண்டாவது துண்டுலயே நெஞ்சு அடைச்சு, வாய் நிறைய நுரையா எச்சில் ஊறி, வாந்தி.
9 மணி: தயிர் அரைக் கிண்ணம்.
தண்ணி, டீ எல்லாம் சேர்த்து 800 மில்லி இருந்தா அதிகம்.

இதுல புரோட்டீனை எங்க கூட்டறது? சாப்பாட்டோட தண்ணி குடிக்கக்கூடாதுன்னா 1.5 லிட்டர் எப்ப உள்ள போகும்? முட்டை நிக்குது, கோழி மட்டும் ஏன் நிக்கலை? மாத்திரையை ஒண்ணாப் போடறது தப்பா?

சிறுகரண்டி

நேரத்தோட எழுதினது நல்லதாப் போச்சு, பாதிப் பதில் அதுலயே இருக்கு. முதல்ல கூட்டிப் பார்ப்போம். முட்டை 6 கிராம், பால் 5, பருப்பு 4, தயிர் 4, சாதமும் பிஸ்கட்டும் சேர்ந்து ஒரு 3. கோழி வெளிய வந்துடுச்சு, கணக்குல வராது. ஆக 22. வேண்டியதுல மூணுல ஒரு பங்குதான்.

ஆனாலும் புரோட்டீனுக்கு முன்னாடி தண்ணியைப் பாருங்க. ஆபரேஷன் முடிஞ்ச முதல் சில மாசத்துல திரும்ப அட்மிட் ஆகறதுக்கு நீர்ச்சத்துக் குறைவு ஒரு முக்கியமான காரணம். புரோட்டீன் ஒரு வாரம் பின்தங்கினா பிடிச்சிடலாம். தண்ணி ரெண்டு நாள் குறைஞ்சா டிரிப் ஏத்தற நிலைமை. எழுந்து நிக்கும்போது கண் இருட்டறது, சிறுநீர் அடர்மஞ்சளா கொஞ்சமாப் போறது, நாக்கு ஒட்டறது இதெல்லாம் இருக்கான்னு இன்னிக்கே கேளுங்க.

ஸ்லீவ்ல இரைப்பையோட முக்கால் பங்குக்கு மேல எடுத்துடறாங்க. அதுல போறது மேல்பக்கம் பை மாதிரி விரிஞ்சு கொடுக்கற பகுதி. மிஞ்சறது விரியத் தெரியாத ஒரு ஒடுங்கின குழாய். அதனாலதான் ஒரு வாய் கூடிப்போனா "வயிறு நிறைஞ்சது"ன்னு தோணாம "நெஞ்சு அடைக்குது"ன்னு தோணுது. மடக் மடக்குன்னு குடிச்சாலும் இதே கதைதான். வழி என்னன்னா, 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை 30 மில்லி, அதாவது ரெண்டு மேசைக்கரண்டி, அதையும் ரெண்டு மூணு மிடறா. முழிச்சிருக்கற நேரம் 14 மணினு வைங்க. மூணு வேளைச் சாப்பாடு, ஒவ்வொண்ணுக்கும் சாப்பிட 25 நிமிஷம், அப்புறம் குடிக்காம இருக்க 30 நிமிஷம். இதுல 3 மணி நேரம் போயிடும். மிச்சம் 11 மணி நேரத்துல இந்த வேகத்துலயே 1,320 மில்லி வந்துடும். நடுவுல பாலும் புரோட்டீன் பானமும் தலா 200 மில்லி, அரை மணி நேரம் வச்சு உறிஞ்சினா 1.5 லிட்டரைத் தாண்டிடும். அரை லிட்டர் பாட்டில்ல மார்க்கர் பேனாவால 10, 11, 12 மணின்னு கோடு போட்டு வைங்க. "அப்பப்ப குடிக்கறேன்"னு சொல்றவங்க யாருக்கும் அளவு எட்டினதாத் தெரியலை. கேஸ் அடைச்ச பானம் வேண்டாம், ஸ்ட்ராவும் காத்தை உள்ள இழுக்கும்.

சாப்பிடறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் குடிக்காம இருக்கணுங்கறதுல ஆளுக்கு ஒரு கணக்கு சொல்வாங்க. திரவம் இந்தக் குழாய்ல நிக்காம இறங்கிடும்கறதால முன்னாடி 10, 15 நிமிஷம் போதும்னு நான் சொல்வேன். பின்னாடி உள்ள 30 நிமிஷத்துல மட்டும் சமரசம் கிடையாது. சாப்பிட்ட கையோட தண்ணி விட்டா ஒண்ணு அழுத்தம் கூடி மேல வரும், இல்லாட்டி சாப்பாட்டைக் கழுவிக் கீழ இறக்கிடும், ஒரு மணி நேரத்துல திரும்பப் பசிக்கும்.

இப்ப புரோட்டீன். காலையில 1 முட்டையோட இன்னொரு வெள்ளைக்கரு: 9.5 கிராம். 10:30-க்குப் பால் 200 மில்லியில கொழுப்பு நீக்கின பால் பவுடர் 2 மேசைக்கரண்டி கட்டியில்லாம கரைச்சு: 12. மதியம் வேகவச்ச மீன் 50 கிராம், பருப்பு 2 மேசைக்கரண்டி: 13.5. நாலு மணிக்குப் பிஸ்கட்டுக்குப் பதிலா வே புரோட்டீன் (பால்லேர்ந்து எடுக்கற பவுடர்) ஒரு ஸ்கூப் தண்ணியில: 20. ராத்திரி துணியில வடிகட்டின கெட்டித் தயிர் 100 கிராம்: 8. மொத்தம் 63. ஒவ்வொரு வேளையும் அரைக் கிண்ணத்துக்குள்ள அடங்கும், புதுசா சமையலும் இல்லை. தட்டுல புரோட்டீனை முதல்ல முடிக்கணும், அப்புறம் காய், சாதம் கடைசியில ஒரு வாய் இடம் இருந்தா. இடம் இல்லாட்டி விட்டுடலாம்.

பிஸ்கட்டைப் பத்தி ஒரு வார்த்தை. அது வாயிலயே மாவாக் கரைஞ்சு வழுக்கிட்டுப் போயிடும், அடைக்கவே அடைக்காது. "இது ஒண்ணுதான் வயித்துக்கு ஒத்துக்குது"ன்னு அதையே பிடிச்சுக்கறவங்க இருக்காங்க. ஒத்துக்கறதுதான் அதோட பிரச்சினையே. ஒரு வருஷம் கழிச்சு எடை திரும்பறப்ப காரணம் தேடினா, பெரும்பாலும் இந்த மாதிரி அடைக்காத கொறிக்கற பண்டத்துலதான் போய் நிக்கும்.

கோழிக்கு வருவோம். நெஞ்சுக்கறியில கொழுப்பு இல்லை, வெந்ததும் நீளநீளமா நாரா இறுகிடும். எவ்வளவு மென்னாலும் அந்த நார் திரண்டு ஒரு பந்தா இறங்கும். முட்டை அப்படி இல்லை, உதிர்ந்துடும் (அதிக நேரம் அவிச்சா அதுவும் ரப்பராயிடும், கவனம்). ஆறின கோழியைத் திரும்பச் சூடு பண்ணினா இன்னும் மோசம், மிச்சம் இருந்த ஈரமும் போயிடும். இப்போதைக்குக் கோழியை ரெண்டு வாரம் தள்ளி வைங்க. அப்புறம் தொடைக்கறியைக் கொத்தி, குழம்பு மாதிரி ஈரத்துலயே வேகவிட்டு, நாருக்குக் குறுக்கா நறுக்கி, சுண்டுவிரல் நகம் அளவு ஒரு வாய். 20, 25 தடவை மெல்லணும். முழுங்கினதும் கரண்டியைக் கீழ வச்சுட்டு ஒரு நிமிஷம். இந்தக் கரண்டி வைக்கறதுதான் கஷ்டம், ஏன்னா கை பழைய வேகத்துலயே இருக்கும்.

நிறுத்த வேண்டிய அடையாளம் வயித்துல வராது. சட்டுனு மூக்கு ஒழுகும், ஒரு விக்கல் வரும், சிலருக்குத் தும்மல், இல்ல நெஞ்செலும்புக்குப் பின்னால ஒரு அமுக்கல். அது வந்தப்புறம் வைக்கற வாய்தான் நுரை எச்சிலாத் திரும்பி வரும். அக்காவுக்கு முதல் துண்டுலயே ஏதாவது ஒண்ணு வந்திருக்கும், கேட்டுப் பாருங்க.

வாந்திக்கு அப்புறம் உடனே அதே சாப்பாட்டுக்குப் போகாம ஒரு நாள் திரவம், மறுநாள் கூழ், அப்புறம் மென்மையானது.

மாத்திரைப்பெட்டி

சிறுகரண்டி சொன்னதோடு உடன்படுகிறேன். மாத்திரைப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

காலை 7 மணிக் கூட்டணி சரியில்லை. இரும்பும் கால்சியமும் ஒன்றாகப் போனால் கால்சியம் இரும்பை உள்ளே விடாது. டீயில் உள்ள டானின் மிச்சத்தையும் கட்டிப்போடும். மூன்று மாத்திரை விழுங்கியும் இரும்பு பெயரளவுக்குத்தான் சேர்ந்திருக்கும். இரண்டுக்கும் இடையே குறைந்தது 2 மணி நேரம் வேண்டும். மல்டிவைட்டமினிலும் இரும்பு இருந்தால் அதையும் கால்சியத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

கால்சியத்தை ஒரே தடவையில் 500, 600 மில்லிகிராமுக்கு மேல் கொடுத்துப் பயனில்லை, உடல் உறிஞ்சும் விகிதம் குறைந்துவிடும். ஸ்லீவுக்கும் பைபாஸுக்கும் (இதய பைபாஸ் இல்லை, இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் எடைக்குறைப்பு அறுவை) நாள் இலக்கு, உணவில் வருவதையும் சேர்த்து, 1,200 முதல் 1,500 மி.கி. ஆகவே பிரித்துத்தான் ஆக வேண்டும்.

ஓடக்கூடிய ஒரு அட்டவணை: காலை 9-க்குக் கால்சியம் 500, மதியச் சாப்பாட்டோடு மல்டிவைட்டமின், மாலை 5-க்குக் கால்சியம் 500, இரவு 10-க்கு இரும்பு. தயிரை 7:30-க்கே முடித்துவிட்டால் இரும்புக்கு இடைவெளி கிடைக்கும். இரும்போடு வைட்டமின் சி சேர்ந்தால் நல்லது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டு, இரும்பு, கால்சியம் இரண்டையும் 4 மணி நேரம் தள்ள வேண்டும்.

பலர் ஏமாறும் இடம் லேபிள். "கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி." என்று அட்டையில் பெரிதாக இருக்கும். சிட்ரேட் உப்பில் தனிமக் கால்சியம், அதாவது நிஜமான கால்சியம், 21 சதவீதம்தான், ஆகவே கிடைப்பது 210. கார்பனேட்டில் 40 சதவீதம், ஆனால் அது கரைய அமிலம் வேண்டும். ஸ்லீவில் அமிலம் சுரக்கும் செல்களில் பெரும்பகுதி போய்விட்டது, போதாதற்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் இப்போது ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் விலை கூடினாலும் சிட்ரேட். இரும்பிலும் இதே விளையாட்டு: ஃபெரஸ் ஃபியூமரேட்டில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு, குளுக்கோனேட்டில் 12 சதவீதம்தான். மாதவிடாய் உள்ள பெண்களுக்கும், ஸ்லீவ் அல்லது பைபாஸ் ஆனவர்களுக்கும் வேண்டியது நாளுக்குத் தனிம இரும்பு 45 முதல் 60 மி.கி., எல்லா மாத்திரைகளையும் சேர்த்து.

மீதி அளவுகள்: பி12 வாய்வழி நாளுக்கு 350 முதல் 1,000 மைக்ரோகிராம், அல்லது மாதம் ஒரு 1,000 மைக்ரோகிராம் ஊசி. வைட்டமின் டி 3,000 ஐ.யு.வில் தொடங்கி ரத்த அளவு 30-ஐத் தாண்டும்வரை. தயாமின் (வைட்டமின் பி1) குறைந்தது 12 மி.கி., 50 கிடைத்தால் மேல். ஃபோலேட் 400 முதல் 800 மைக்ரோகிராம், குழந்தை பெறும் வயதில் 800 முதல் 1,000.

இதில் அவசரம் உள்ளது தயாமினுக்குத்தான். பி12 கல்லீரலில் வருடக்கணக்கில் கையிருப்பு உண்டு, தயாமினுக்கு இரண்டு மூன்று வாரம்தான். தினமும் வாந்தி எடுப்பவருக்கு அது காலியாகிவிடும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது, கால் மரத்துப்போவது எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. அங்கே குளுக்கோஸ் டிரிப் ஏற்றுவதற்கு முன் தயாமின் ஊசி போட வேண்டும். ஏனென்றால் குளுக்கோஸை எரிக்கத் தயாமின் தேவை, இருக்கும் கடைசித் துளியையும் அது இழுத்துக்கொண்டால் மூளை பாதிக்கப்படும். சாதாரண எமர்ஜென்சியில் இது நினைவுக்கு வராமல் போகலாம். "எடைக்குறைப்பு அறுவை ஆனவர், வாந்தி இத்தனை நாளாக" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

பச்சைத்திண்ணை

பவுடர் எல்லாம் எதுக்குங்க? அதுல சேர்க்கறது என்னன்னு யாருக்குத் தெரியும். முட்டை, மீன், பருப்பு போதாதா?

சிறுகரண்டி

மூணாவது மாசத்துக்கு மேல போதும். 6-வது வாரத்துல இடம் பத்தாதுங்கறதுதான் விஷயம். 20 கிராம் புரோட்டீனைப் பருப்புல எடுக்கணும்னா வெந்த பருப்பு 220 கிராம், அவங்க குழாய்க்கு அது ரெண்டு மூணு வேளை. அதே 20 கிராம் பானமாப் போனா அரை மணி நேரத்துல முடியும், தண்ணிக் கணக்குலயும் சேரும்.

உங்க சந்தேகம் முழுக்கத் தப்புன்னும் சொல்ல மாட்டேன். வாங்கும்போது ஸ்கூப் எத்தனை கிராம், அதுல புரோட்டீன் எத்தனைன்னு ரெண்டையும் பாருங்க. 30 கிராம் ஸ்கூப்புல 20-க்குக் குறைஞ்சா மிச்சம் மாவும் சர்க்கரையும். கொலாஜன் பவுடரைப் புரோட்டீன் கணக்குல சேர்க்காதீங்க, அதுல டிரிப்டோஃபேன்கற அவசியமான அமினோ அமிலம் கிடையாது, தசையைக் காப்பாத்தாது. பால் ஒத்துக்காம வயிறு உப்பினா வே ஐசோலேட்டுக்கு மாறலாம், லாக்டோஸ் ரொம்பக் குறைவு. சூடான பால்ல கொட்டினா திரிஞ்சு கட்டியாகும். குளிர்ந்ததுல குலுக்கி, நுரை அடங்கின அப்புறம் குடிக்கணும். நுரையோட குடிச்சா ஏப்பத்துலயே பாதி நேரம் போயிடும்.

பாதித்தட்டு

டப்பாவை எடுத்துப் பார்த்தேன். கால்சியம் சிட்ரேட் 1000, தனிமம் 210-ன்னு பின்னாடி சின்ன எழுத்துல இருக்கு! தினம் ஒண்ணுதான் போட்டுட்டு இருந்தாங்க. மல்டிவைட்டமின் கம்மி (ஜெல்லி மிட்டாய் மாதிரி) வடிவம், அதுல இரும்பே இல்லை. முதல் துண்டுலயே விக்கல் வந்ததாம். எழுந்தா லேசா தலை சுத்துதாம், வாந்தி வாரத்துக்கு ரெண்டு தடவை. முடி கொட்டுமேன்னு இப்பவே பயோட்டின் வாங்கச் சொல்றாங்க, வாங்கலாமா?

மாத்திரைப்பெட்டி

கம்மியை மாற்றுங்கள். பல கம்மிகளில் இரும்பு இருக்காது, தயாமினும் பெயருக்குத்தான் இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. மென்று தின்னும் மாத்திரையோ சிறிய மாத்திரையோ, அறுவை ஆனவர்களுக்கான அளவில் உள்ளது வேண்டும். பெரிய மாத்திரையை உடைக்கலாம், ஆனால் மெதுவாகக் கரையும் வகையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

தலை சுற்றல் இருப்பதால் சர்ஜன் குழுவுக்கு இன்றே போன் செய்யுங்கள். தண்ணீர்கூட அரை நாளுக்கு மேல் நிற்கவில்லை என்றாலோ, காய்ச்சல், இதயப் படபடப்பு, வயிற்று வலி அல்லது இடது தோள்பட்டை வலி என்றாலோ போன் பண்ணி நேரம் கேட்டுக்கொண்டிருக்காமல் நேராகப் போய்விடுங்கள். வாந்தி வாரா வாரம் கூடிக்கொண்டே போய், கூழும் நிற்காமல் திரவம் மட்டும் இறங்குகிறது என்றால் அது சாப்பிடும் வேகத்தின் குற்றமில்லை. குழாய் எங்கோ ஒடுங்கியிருக்கலாம், எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும்.

முடி 3-லிருந்து 6 மாதத்துக்குள் கொட்டும். எடை வேகமாகக் குறையும் அதிர்ச்சியில் வேர்கள் ஓய்வுக்குப் போவதுதான் காரணம், தானாகவே திரும்ப வளரும். பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்குப் பயோட்டின் ஒன்றும் செய்யாது. ஒரு வருடம் தாண்டியும் கொட்டினால் ஃபெரிட்டின் (இரும்புக் கையிருப்பு), துத்தநாகம், புரோட்டீன் பாருங்கள். துத்தநாகத்தைத் தனியாக அள்ளிப் போடுவது தப்பு, அது தாமிரத்தை உடலில் சேரவிடாது. தாமிரம் குறைந்தால் ரத்தசோகை வரும், நடையும் தள்ளாடும், பார்ப்பவர்கள் பி12 என்று நினைத்து மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டிருப்பார்கள். 8 முதல் 15 மி.கி. துத்தநாகத்துக்கு 1 மி.கி. தாமிரம் என்பது விகிதம்.

நடுமதியம்

இடையில நுழையறதுக்கு மன்னிக்கணும். மாமாவுக்குப் பைபாஸ் ஆகி 2 வருஷம். சாப்பிட்டு 2 மணி நேரம் கழிச்சு நடுக்கம், வியர்வை, கண் மங்கல். இனிப்பு சாப்பிட்டா சரியாகுது, ஆனா கொஞ்ச நேரத்துல திரும்ப வருது. டம்பிங்னு சொல்றாங்களே, அதுவா?

சிறுகரண்டி

டம்பிங்ல ரெண்டு உண்டு. சாப்பிட்ட அரை மணிக்குள்ள வயித்தை முறுக்கி, படபடத்து, பேதி போனா முதல் வகை. சர்க்கரைப் பாகு மாதிரி அடர்த்தியானது நேராக் குடல்ல விழுந்ததும் ரத்தத்துல இருக்கற நீர் குடலுக்குள்ள இழுபடறதால வர்றது. மாமாவுக்கு 2 மணி நேரம் கழிச்சுன்னா அது ரெண்டாவது, ரத்தச் சர்க்கரை தாழ்றது. சர்க்கரை குப்புனு ஏறுது, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்குது, சாப்பாடு முடிஞ்சப்புறமும் இன்சுலின் நிக்குது. பைபாஸ்ல இது பெரும்பாலும் ஒரு வருஷம் தாண்டித்தான் தலைகாட்டும்.

வந்த நேரத்துல குளுக்கோமீட்டர்ல பார்த்து எழுதி வைங்க. 54-க்குக் கீழன்னா டாக்டர் கண்டிப்பா பார்க்கணும், அதுவரைக்கும் வண்டி ஓட்ட வேண்டாம். இனிப்பு அளவில்லாமத் தின்னா அதுவே அடுத்த சுற்றைக் கிளப்பும், திரும்ப வர்றது அதனாலதான். 15 கிராம் குளுக்கோஸ் மட்டும், நடுக்கம் நின்னதும் ஒரு முட்டையோ கெட்டித் தயிரோ. அன்றாடத்துல பழச்சாறை நிறுத்தி, மாவுப்பொருளைப் புரோட்டீன் முடிச்சப்புறம் கொஞ்சமா. சர்க்கரை நோய்க்கு ஏதாவது மாத்திரை இன்னும் ஓடுதான்னும் பாருங்க, எடை குறைஞ்சப்புறமும் பழைய அளவே போயிட்டிருக்கலாம்.

மாத்திரைப்பெட்டி

இதைக் கண்டுபிடிக்க யாராவது குளுக்கோஸ் குடிக்கவைத்து எடுக்கும் டெஸ்ட் எழுதினால், பைபாஸ் ஆனதைச் சொல்லித் தவிர்த்துவிடுங்கள். வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸ் அவருக்குக் கடுமையான டம்பிங்கைக் கொண்டுவரும். மாமாவுக்கு மூட்டுவலி என்று ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகளும் ஆகாது, குடலை இணைத்த இடத்தில் புண் வரும். பாராசிட்டமால் எடுக்கலாம். புகையிலையும் அதே இடத்தைத்தான் தாக்கும்.

பாதித்தட்டு

போன் பண்ணியாச்சு, நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. 3-வது மாச ரத்தப் பரிசோதனையில என்னென்ன கேட்கணும்?

மாத்திரைப்பெட்டி

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், ஆல்புமின், சிறுநீரகம், கல்லீரல். ஹீமோகுளோபின் மட்டும் போதாது, இரும்புக் கையிருப்பு காலியான பிறகுதான் அது இறங்கும். ரத்தக் கால்சியம் சரியாக இருக்கிறது என்பதும் போதாது. குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டிவிடும், அதைக் காட்டிக்கொடுப்பது பாராதைராய்டு ஹார்மோன்தான். அடுத்து 6, 12 மாதம், பிறகு வருடம் ஒருமுறை. ரத்தம் கொடுக்கும் காலையில் இரும்பு மாத்திரை போடாமல் போகட்டும். அக்கா பிடிவாதமாகப் பயோட்டின் வாங்கிவிட்டால் 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள், அது சில ஹார்மோன் டெஸ்ட்களின் எண்ணையே மாற்றிக் காட்டும்.